முன்னோக்கும் பருவம் எது?

அதிவேக நெடுஞ்சாலைகளிற் செல்வோர் அனைவரும் ஆசனப்பட்டி அணிதல் வேண்டும் என்னும் விதி 2025 செப்டெம்பரில் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அப்பட்டி வளர்ந்தோர் உடலுக்கு அளவானது. குழந்தைக்கு வேண்டுவது தனியிருக்கை. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் விடுமுறைக்கு வருங்கால் அதனையும் யாழ்ப்பாணத்துக்குக் கொணர்கின்றனர். உடன் ஒரு வினாவும் வந்திருக்கின்றது: பின்னோக்கி அமர்ந்த குழந்தையை முன்னோக்கித் திருப்புவது எப்போது?

பிள்ளைத்தமிழ்ப் புலவர், குழந்தை தலை நிமிர்த்தி அசைந்தாடும் 5 ஆம் திங்களைச் செங்கீரைப் பருவம் என்றனர். கழுத்து நின்றது கண்டு மகிழும் பருவம் அது. ஆயினும், தலையைத் தாங்கும் கழுத்து வேறு. மோதலைத் தாங்கும் கழுத்து வேறு. குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது, கழுத்தெலும்புகள் முற்றாதவை. முன்னோக்கியிருக்கையில் கார் எதிரே மோதின், வார்கள் மார்பை நிறுத்தும், தலையோ முன்னே பாயும், கழுத்து இழுபடும். பின்னோக்கியிருப்பின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே ஒருங்கு தாங்கும்.

விண்வெளி வீரர் மல்லாந்திருக்கும் இருக்கையைக் கண்டு, 1960களில் இம்முறையைக் காருக்குக் கொணர்ந்தவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பேர்ட்டில் ஆல்ட்மன். அங்கே 4 வயதளவும் பின்னோக்கி அமர்த்துதல் வழக்கம். ஐரோப்பாவில் வழங்கும் ஐ.நா. 129 ஆம் விதி 15 மாதம் என்கின்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011 இல் 2 வயது என்றது. 2018 இல் வயதெல்லையை நீக்கி, அவ்விருக்கைக்குக் குறித்த உயரமோ எடையோ நிறையுமளவும் என்றது.

இவை தம்முள் முரண்படுவன அல்ல என்பது என் கருத்து. 15 மாதம் என்பது திருப்பவேண்டிய நாளன்று. அதற்குமுன் திருப்பலாகாது என்னும் வரம்பு. சட்டம் கூறுவது கீழெல்லை; மருத்துவம் கூறுவது மேலெல்லை. பிறந்தநாளைப் பாராது, இருக்கையில் எழுதிய அளவைப் பார்த்தலே முறை.

கால் மடங்குகிறதே என்பர் சிலர். சம்மணமிட்டு விளையாடும் பிள்ளைக்கு அது துன்பமன்று. முகங்காண வேண்டும் என்று முன்னிருக்கையில் வைத்தலோ பெருந்தீங்கு; அங்கே விரியும் காற்றுப்பை பின்னோக்கிய இருக்கையைத் தாக்கும். அம்மம்மாவின் மடி போதாதோ எனின், அன்புக்குப் போதும். மோதும் கணத்தில் எக்கையும் பிள்ளையைப் பற்றிநில்லாது.

பிள்ளை நடந்ததும் பேசியதும் விரைவிற் காண விழைதல் பெற்றோர் இயல்பு. இவ்வொரு பருவத்தை மட்டும் அவர் விரைந்து வரவேற்க வேண்டா. ஆசிரியர்கள் பெற்றோரைச் சந்திக்கும்போது இதனையும் எடுத்துரைப்பாராக.