சவர்க்கார நீரிற் பிறக்கும் நுண்மணிகள்

மூட்டுவாதமோ என்று வைத்தியர் ஐயுறும்போது, நோயாளியின் குருதித் தெளிநீரோடு பால்போன்ற வெண்திரவமொன்றைக் கண்ணாடித் தட்டிற் கலந்து பார்ப்பதுண்டு. 'வாதக் காரணி' எனப்படும் பிறபொருளெதிரி குருதியிலே மிகுந்திருப்பின், சில நிமிடங்களிற் பால் திரிந்து திட்டுத்திட்டாகும். இன்றேல் முன்போலவே நிற்கும். சிங்கர், புளொட்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையின் வழிவந்தது இச்சோதனை. அப்பாலில் மிதப்பவை புரதம் போர்த்த பொலிஸ்ரைரீன் மணிகள். ஆயிரம் மணிகளை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீற்றர் தேறுவது அரிது. அவை பருமனில் ஒத்திராவிடின் சோதனையின் முடிவை நம்புதல் கடினம்.

இம்மணிகளை அரைத்தும் அரித்தும் ஆக்குவதில்லை, நீரிலே வளர்க்கிறார்கள். நீர், சவர்க்காரம், ஸ்ரைரீன் என்னும் எண்ணெய், சிறிது பொற்றாசியம் பேர்சல்பேற்று ஆகியவற்றைச் சூடாக்கிக் கலக்குவதே முறை. எண்ணெய்த் துளிகளே இறுகி மணிகளாகின்றன என்றுதான் மாணவர் பலரும் எண்ணுவர். அஃதன்று. சவர்க்கார மூலக்கூறுகள் நீரிலே சிறு சிறு கொத்துகளாகத் திரளும். துளிகள் பெரியன, சிலவே. கொத்துகளோ எண்ணில் அடங்கா. ஆதலின் பேர்சல்பேற்றிலிருந்து நீரிற் பிறக்கும் முனைப்புடைய துணிக்கைகள் பெரும்பாலும் கொத்துகளுக்குள்ளேயே புகுந்து பல்பகுதியச் சங்கிலியைத் தொடக்குகின்றன. எண்ணெய்த் துளி வெறும் நெற்களஞ்சியம். அதிலிருந்து மூலக்கூறுகள் நீர்வழியே சென்று வளரும் மணிகளை ஊட்டுகின்றன. சிக்காகோப் பேராசிரியர் ஹார்க்கின்ஸ் 1947இல் விளக்கிய உண்மை இது. ஒரே நாளில் விதைத்த பயிர் ஒருசீராய் வளர்வதுபோல, ஏறக்குறைய ஒரே வேளையிற் பிறந்த மணிகளும் ஒத்த பருமனை அடைகின்றன.

வெறும் பொலிஸ்ரைரீன்மீது புரதம் ஒட்டியிருக்குமேயன்றிப் பிணைந்திராது; காலப்போக்கிற் கழன்றும் விடலாம். இதற்காகவே ஸ்ரைரீனோடு சிறிதளவு அக்கிரிலிக்கமிலத்தைச் சேர்ப்பர். நீரை விரும்பும் அவ்வமிலத்தின் கூறுகள் மணியின் மேற்பரப்பிலே வெளிநோக்கி நிற்கும். அவை மணிக்கு வாய்த்த கைகள் எனலாம். காபோடைஇமைட்டு என்னும் பொருளின் துணைகொண்டு அக்கைகளிற் பிறபொருளெதிரியை உறுதியாகப் பிணைக்கலாம். அமிலம் மிகுந்தாலோ அதன் சங்கிலிகள் நீரிற் கரைந்து திரவத்தைத் தடிப்பாக்கிவிடும். அளவறிந்து இடுவதிலேயே திறமை இருக்கிறது என்பது எம் கருத்து.

அக்கைகள் தாங்கும் எதிர்மின்னேற்றம் மணிகளை ஒன்றையொன்று அணுகவிடாது விலக்கவும் செய்யும். களுத்துறை, கேகாலைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களில் இறப்பர்ப் பாலுக்கு அமிலமிட்டு உறையவைப்பதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அங்கும் மின்னேற்றம் குன்றவே துணிக்கைகள் ஒன்றுசேர்கின்றன.

பெரிய மணிகளை ஒரே பருமனில் வளர்ப்பது நெடுங்காலம் அரிதாயிருந்தது. வளரும்போதே அவை மிதந்தோ அமிழ்ந்தோ ஒன்றோடொன்று ஒட்டிவிடும். எடையற்ற வெளியிற்றான் இது கைகூடும் எனக் கருதிய அமெரிக்கர், 1983இல் சலஞ்சர் விண்கலத்தில் மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு விட்டமுள்ள மணிகளை ஆக்கினர். ஆனால் நோர்வேயின் துரொந்தெய்ம் நகரில் யூகல்ஸ்ராட் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1970களிலேயே இதனை மண்ணில் நின்று சாதித்துவிட்டார். சிறுமணிகளை விதையாகக் கொண்டு, அவை பன்மடங்கு எண்ணெயை உறிஞ்சி வீங்குமாறு செய்ததே அவர் கண்ட வழி. பின்னர் மணிக்குள் இரும்பு ஒட்சைட்டையும் புகுத்தினார். குழந்தைகளைத் தாக்கும் நரம்புப் புற்றுநோயொன்றின் கலங்களைப் பற்றும் பிறபொருளெதிரியை அம்மணிகளோடு சேர்த்து, என்பு மச்சையிலே கலந்து, காந்தத்தால் நோய்க்கலங்களை வெளியே இழுத்தெடுத்த செய்தியை 1984இல் இலண்டன் வைத்தியர் அவரோடு இணைந்து வெளியிட்டனர். தூய்மையாக்கிய மச்சை குழந்தையின் உடலுக்கே திரும்பச் செலுத்தப்பட்டது.