ரேடியோவை விற்ற கதை தெரியும், தேவிகுளம் தெரியுமா?

இளையராஜாவின் கதையைத் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பண்ணைப்புரம். ஏழைக் குடும்பம். சென்னைக்குக் கிளம்பிய பிள்ளைகளுக்காக அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்றுக் கொடுத்த 400 ரூபாய். பிறகு 1976இல் ‘அன்னக்கிளி’. அதன் பிறகு வரலாறு.

இந்தக் கதையில் பத்தாண்டுகளுக்கு மேல் காணாமல் போயிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் ராசய்யா என்ற சிறுவன் சும்மா இருக்கவில்லை. பதின்ம வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் கலைக்குழுவில் சேர்ந்துவிட்டான். குரல் உடைவதற்கு முன்பு மேடையில் பெண்குரலில் பாடினான், ஆர்மோனியம் வாசித்தான். கூடவே பாஸ்கரும் அமர்சிங்கும் இருந்தார்கள். அந்த அமர்சிங்தான் பின்னாளில் கங்கை அமரன். ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று ஊரெங்கும் அறியப்பட்ட இந்தக் குழு கோயில் திருவிழாவுக்கு மட்டும் பாடிய குழு அல்ல. கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைகளில் பாடிய குழு. தலித் சகோதரர்கள் நடத்திய குழு.

1964இல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்ததுதான் இளையராஜாவின் முதல் இசையமைப்பு என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. உலகம் போற்றும் இசைஞன் தொடங்கியதே ஓர் இரங்கல் பாட்டில்தான், அதுவும் இந்தியப் பிரதமருக்கான இரங்கல். அப்படியானால் தன் குழுவின் தலைவனுக்கு, தன்னை மேடையேற்றிய அண்ணனுக்கு, அந்தக் குழு என்ன அஞ்சலி செலுத்தியது? ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பே பாவலர் இறந்துவிட்டார். தம்பிகளின் புகழில் ஒரு நாளைக்கூட அவர் பார்க்கவில்லை.

அவருக்கான அஞ்சலி நம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது, நாம்தான் படிக்கவில்லை. 1981இல் பாரதிராஜா இயக்கத்தில் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். தயாரிப்பு: ஆர்.டி. பாஸ்கர். நிறுவனம்: பாவலர் கிரியேஷன்ஸ். செத்துப்போன அண்ணனின் பெயரைத் தம்பிகள் தங்கள் கம்பெனிக்கு வைத்தார்கள். சில நொடிகள் திரையில் நின்று மறையும் அந்தப் பெயர்தான் பாவலர் பிரதர்ஸ் தங்கள் மூத்தவனுக்குப் பாடிய பாட்டு. காதலன் பூணூலையும் காதலி சிலுவையையும் கழற்றி எறியும் படத்துக்கு அந்தப் பெயர் வாய்த்தது பொருத்தம்தான். பல லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் பாவலர் யார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

கேட்டிருந்தால் விடை தேவிகுளத்தில் கிடைத்திருக்கும். 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவுச் சுயேச்சைகள் 5. இவ்வளவு மெல்லிய பெரும்பான்மையில் ஒவ்வொரு தொகுதியும் உயிர்நாடி. தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்றாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. மூணாறு பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் கணிசமானோர் மலையடிவார மாவட்டங்களிலிருந்து ஏறிப்போன தலித்துகள். அந்த மக்களிடம் பாட்டோடு போனவர் வரதராசன். அவர்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே அரசியலைச் சொன்னார். காங்கிரசின் இரட்டைக் காளைச் சின்னத்தைக் கிண்டலடித்த அவருடைய பாட்டை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரோசம்மா மறுபடி வென்றார். அந்த வெற்றிக்குப் பாவலரின் பாட்டும் காரணம் என்று இ.எம்.எஸ். பாராட்டியதாகச் சொல்லப்படுகிறது.

ஒரு மாநில அரசின் ஆயுளோடு சம்பந்தப்பட்ட தேர்தலில் பாடிய தலித் பாடகர். இப்படி ஒருவர் வேறு சமூகத்தில் பிறந்திருந்தால் இந்நேரம் எத்தனை மணிமண்டபம், எத்தனை நூற்றாண்டு மலர், எத்தனை பல்கலைக்கழக இருக்கை வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாவலர் எப்படி மறைக்கப்பட்டார்? யாரும் தீவைத்து எரிக்கவில்லை. மூன்று சொற்களை மாற்றினார்கள், அவ்வளவுதான். சாதி என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வறுமை’ என்றார்கள். கட்சி மேடை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஊர் ஊராகக் கச்சேரி’ என்றார்கள். அரசியல் கல்வி என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கடவுள் கொடுத்த வரம்’ என்றார்கள். வார இதழ்களும் தொலைக்காட்சிகளும் யூடியூப் சேனல்களும் அரை நூற்றாண்டாக இந்த மூன்று சொற்களை வைத்தே இளையராஜாவின் கதையை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. ரேடியோவை விற்ற கதை எல்லோருக்கும் பிடிக்கிறது, ஏனென்றால் அதில் குற்றவாளி யாரும் இல்லை. வறுமைக்கு முகம் கிடையாது. சாதிக்கு முகம் உண்டு. தேவிகுளத்தைச் சொன்னால் தோட்ட முதலாளியைச் சொல்ல வேண்டும், சேரியைச் சொல்ல வேண்டும், கட்சியைச் சொல்ல வேண்டும், அந்தக் கட்சி தன் பாடகர்களை எப்படி நடத்தியது என்றும் கேட்க வேண்டிவரும்.

இங்கே நம் தரப்பையும் கேட்டாக வேண்டும். 2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட நூலுக்கு இளையராஜா முன்னுரை எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். நம்மில் பலர் கொதித்தோம். அந்த முன்னுரையை விமர்சித்தது சரி, இப்போதும் சரி. ஆனால் ‘வேரை மறந்துவிட்டார்’ என்று பதிவு போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேரின் பெயர் தெரியும்? கங்கை அமரன் 2017இல் ஆர்.கே. நகரில் பாஜக வேட்பாளராக நின்றபோதும் மீம் போட்டோம். செங்கொடி மேடையில் வளர்ந்த பிள்ளைகள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள், இடையில் அவர்களை இழந்தது யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபத்துக்கு வெளியே இளையராஜா நிறுத்தப்பட்ட காட்சி பரவியது. மரபு என்றது நிர்வாகம். சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் தான் இல்லை என்றார் அவர். நாம் இரண்டு நாள் பேசினோம், மூன்றாம் நாள் வேறு வேலைக்குப் போய்விட்டோம். இளையராஜா ஏதாவது செய்தால் அல்லது அவருக்கு ஏதாவது நடந்தால்தான் நமக்குப் பண்ணைப்புரம் நினைவுக்கு வருகிறது.

“அவரே தன்னைத் தலித் கலைஞராகச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை, நீங்கள் ஏன் இழுக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று முடிவுசெய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பாவலர் வரதராசன் ஒரு குடும்பத்தின் சொத்து அல்ல. தேவிகுளத்தில் அவர் பாட்டைக் கேட்டு வாக்குப் போட்ட தேயிலைத் தொழிலாளியின் பேத்திக்கும் அவர்மீது பாத்தியதை உண்டு. தம்பியின் அரசியலைக் காரணம் காட்டி அண்ணனைக் கைவிடுவது எந்த நியாயம்?

பாடகனைப் பயன்படுத்திவிட்டு மறப்பது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. 1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபரின் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதை எதிர்த்துத் திரண்ட தலித்துகள்மீது போலீஸ் சுட்டது. 10 பேர் செத்தார்கள். அதைத் தாங்க முடியாமல் சில நாட்களில் உயிரை விட்டவர் விலாஸ் கோக்ரே, ஆவான் நாட்ய மஞ்ச் குழுவின் பாடகர், கவிஞர், இடதுசாரி. சாகும்போது அவர் தலையில் கட்டியிருந்தது நீலத்துணி. அவர் நினைவாக ஆனந்த் பட்வர்தன் 14 ஆண்டுகள் உழைத்து எடுத்ததுதான் 2011இல் வந்த ‘ஜெய் பீம் காம்ரேட்’. இறப்பதற்கு முன்பே கோக்ரே தன் தோழர்களால் விலக்கப்பட்டிருந்தார் என்பதையும் படம் மறைக்காமல் பேசுகிறது. உயிரோடு இருந்தபோது விலக்கி வைத்த மேடை, இறந்தபின் அவருக்குச் செவ்வணக்கம் சொன்னது. படம் அவரோடு நிற்கவில்லை. 2002 குஜராத் கலவரத்துக்குப் பின் புனேயில் உருவான கபீர் கலா மஞ்ச் குழுவின் இளைஞர்களையும் பின்தொடர்ந்தது. ஷீத்தல் சாத்தேயும் சச்சின் மாலியும் 2013 ஏப்ரலில் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் முன் வந்து நின்று கைதானார்கள். ஷீத்தல் அப்போது கர்ப்பிணி. அந்தக் குழுவின் சாகர் கோர்க்கே, ரமேஷ் கைச்சோர், ஜோதி ஜக்தாப் மூவரும் 2020 செப்டம்பரில் எல்கர் பரிஷத் வழக்கில் கைதானார்கள். பாடுகிறவர்களைக் கண்டு அரசு எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அரசுக்குத் தெரிந்த அந்த மதிப்பு இயக்கங்களுக்கு ஏன் தெரியவில்லை?

என் ஊர் திருச்செங்கோடு. ரிக் வண்டிகளுக்கும் விசைத்தறிக்கும் அர்த்தநாரீசுவரர் மலைக்கும் பேர்போன ஊர். 2015க்குப் பிறகு கோகுல்ராஜ் பெயராலும் அறியப்படும் ஊர். ஜூன் 23 அன்று அந்த மலைக்கோயிலுக்கு ஆதிக்க சாதித் தோழியோடு வந்த தலித் இளைஞர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இந்த வழக்கில் எனக்கு உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. தலைமறைவாக இருந்தபடியே யுவராஜ் பேசி அனுப்பிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகள் அந்த மாதங்களில் கைபேசி கைபேசியாகப் பரவின. சாதிப் பெருமைக்கு ஒரு குரல் இருந்தது, அதைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு அனுப்ப ஆயிரம் கைகள் இருந்தன. நம் பக்கம் மேடை போட்டுப் பாடியவர்களின் குரல் எங்கே இருக்கிறது? எந்தக் கைபேசியில், எந்த நூலகத்தில், யாருடைய பெயரில்?

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்து இயக்கக் கூட்டங்களின் வரவு செலவை நான் கவனித்து வருகிறேன். பந்தலுக்குப் பணம். மைக்செட்டுக்குப் பணம். பிளக்ஸுக்குப் பணம். பேச்சாளருக்குப் பயணச்செலவு, பொன்னாடை. காலையிலிருந்து மாலைவரை வெயிலில் நின்று பறை அடித்த பையன்களுக்கு? மதியச் சோறும் பஸ் காசும். நோட்டீஸில் மாவட்டப் பொறுப்பாளர் முதல் கிளைப் பொறுப்பாளர்வரை பெயர் இருக்கும். கலைஞர்களுக்கு ‘கலை நிகழ்ச்சி’ என்று ஒரே வரி. கேட்டால், “இயக்கத்துக்காகத்தானே பாடுகிறார்கள், காசு பேசினால் கொச்சை ஆகிவிடாதா?” என்கிறார்கள்.

ஊர்ச் சாவுக்குப் பறை அடிப்பது சேரியின் கடமை என்று ஊர் சொன்னது. கூலி கேட்டால் திமிர் என்றது. அந்தக் கட்டாயத்தை மறுத்து, பறையைக் கீழே வைத்ததற்காக அடி வாங்கிய வரலாறு நமக்கு உண்டு. அந்தப் பறையை மீட்டு விடுதலைக் கருவியாக்கினோம் என்று பெருமை பேசுகிறோம். ஆனால் அடிக்கிறவனுக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை என்றால், ஊர் இருந்த இடத்தில் இயக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதானே பொருள்? தலைவர் இறந்தால் பறை வருகிறது, இரங்கற்பா வருகிறது. பறை அடித்தவர் இறந்தால் கூட அடித்த நாலு பேர்தான் வந்து அடிக்கிறார்கள். அந்த அடியையும் பாட்டையும் யாரும் பதிவுசெய்வதில்லை. ஒரு குழு தன் சொந்த உறுப்பினருக்காகப் பாடும் பாட்டு யாருக்கும் தெரியாமல் போவது தற்செயல் என்று இனியும் நம்பாதீர்கள்.

“மனுசங்கடா” பாட்டு எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் இன்குலாப், குரலால் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கே.ஏ. குணசேகரன். ‘வடு’ எழுதி, பேராசிரியராக இருந்து, தன் பெயரைத் தானே காப்பாற்றிக்கொண்டவர் குணசேகரன். 2016 ஜனவரியில் அவர் இறந்தபோது நாளிதழ்கள் எழுதின. அவரோடு ‘தன்னானே’ குழுவில் தாளம் போட்டவர்கள், பின்பாட்டுப் பாடியவர்கள் பெயர்களை எத்தனை பேரால் சொல்ல முடியும்? பேராசிரியர் ஆனால்தான் நினைவில் இருக்கலாம், ராஜ்யசபைக்குத் தம்பி போனால்தான் அண்ணன் பெயர் வெளியே வரும் என்றால் அது மனுதர்மக் கணக்கு.

ஆகவே இளம் தோழர்களிடம் கேட்பது பெரிய புரட்சி அல்ல. அடுத்த கூட்டத்தின் நோட்டீஸில் கலைஞர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் அச்சிடுங்கள். பிளக்ஸ்காரருக்குக் கொடுக்கும் அன்றே பறைக் கலைஞருக்கும் கூலியைக் கொடுங்கள். கையில் கைபேசி இருக்கிறது, பாட்டை முழுதாகப் பதிவுசெய்யுங்கள், யார் எழுதியது, யார் மெட்டு, எந்த ஊர், என்ன தேதி என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். மூணாறிலும் கம்பத்திலும் போடியிலும் பாவலரைக் கேட்ட முதியவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். விடுமுறைக்கு அங்கே போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தில் செல்ஃபி எடுத்த கையோடு லயன் வீடுகளுக்கும் போய் அவர்களிடம் பாட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள்.

‘அலைகள் ஓய்வதில்லை’ அடுத்த முறை டிவியில் வரும்போது ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்ற எழுத்து ஓடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்தப் பாவலர் யார் என்று சொல்லுங்கள். வறுமையிலிருந்து தொடங்காதீர்கள், தேவிகுளத்திலிருந்து தொடங்குங்கள்.