காதடைப்பும் கர்ம பலனும்

சென்ற மார்கழியில் நெய்வேலித் தோழர்களின் அழைப்பின் பேரில் அங்கு ஒரு கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். போகும்போதே நமக்குப் பலமான ஜலதோஷம். மூக்கு ஒழுகுவது ஒருவாறு நின்ற மறுநாள் வலது காது அடைத்துக் கொண்டது. பேசுகிறவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலவும், நம்முடைய குரல் மாத்திரம் நம் மண்டைக்குள்ளேயே முழங்குவது போலவும் இருந்தது. தங்கியிருந்த வீட்டில் இதை வாய் தவறிச் சொல்லி விட்டோம். அவ்வளவுதான், அந்த வட்டத்திலிருந்த (நெய்வேலி நகரியத்தில் குடியிருப்புப் பகுதியை வட்டம் என்றுதான் சொல்லுகிறார்கள்) அத்தனை பேரும் வைத்தியர்களாகி விட்டார்கள்.

ஒருவர் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சூட்டோடு ஊற்றச் சொன்னார். ஒருவர் கொண்டை ஊசியை நீட்டினார். ஓர் அம்மையார் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப்போட வந்தார். வில்லுடையான்பட்டு முருகனுக்குக் காவடி நேர்ந்து கொள்ளுங்கள் என்றார் ஒருவர். வேளாங்கண்ணிக்கு வெள்ளியில் ஒரு காது செய்து போடுவதே மேல் என்றார் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். அவ்வூரில் மத ஒற்றுமை இருக்கிறதென்பதற்கு நமது காதே சாட்சி! இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு பெரியவர், "சாமியை நிந்தித்தால் காது சும்மா இருக்குமா?" என்று கேட்டார். அவரும் அப்போது மூக்கை உறிஞ்சிக் கொண்டுதான் இருந்தார்.

நிற்க, காது ஏன் அடைக்கிறது? செவிப்பறைக்கு உட்புறத்தில் காற்று நிரம்பிய ஒரு சிறு அறை இருக்கிறது. அதிலிருந்து மூக்கின் பின்பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய குழாய் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்து யூஸ்டாகியோ என்பவர் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. சாதாரணமாக மூடியிருக்கும் இக்குழாய், நாம் எச்சிலை விழுங்கும் போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, பறையின் இரு பக்கத்துக் காற்றழுத்தத்தையும் சமமாக்குகிறது. ஜலதோஷத்தில் மூக்கு வீங்குவது போலவே இதுவும் வீங்கித் திறக்க மாட்டேனென்கிறது. உள்ளேயிருக்கும் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு உறிஞ்சி விட, வெளிக்காற்று பறையை உள்ளே தள்ளுகிறது. சில வேளை அந்த அறையில் நீரும் கசிந்து விடுகிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமேயில்லை. 1957இல் அங்கே சுரங்க வேலை துவங்கிய போது, பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்பதுதான் முதல் தலைவலியாக இருந்தது. மேலேயுள்ள மண்ணை எடுத்து விட்டால், அடியிலுள்ள நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்து கொண்டு வந்து விடும். அதற்காக யாரும் யாகம் செய்யவில்லை. சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. பூமியில் அழுத்தத்தைக் கணக்குப் பார்த்து வேலை செய்கிற ஊர், காதில் அழுத்தம் ஏறினால் மாத்திரம் காவடியைத் தேடுவானேன் என்பதுதான் நமது கேள்வி.

பறைக்குப் பின்னால் உள்ள அடைப்பைப் பறைக்கு முன்னால் ஊற்றும் எண்ணெய் எப்படிப் போய்ச் சேரும்? சூட்டெண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்து சீழ் வைக்கவும் செய்யும். குறும்பி அடைத்துக் கொண்டதென்று வைத்தியர் பார்த்துச் சொன்னால், அதை இளக்க ஆறிய எண்ணெய் இரண்டு சொட்டு விடலாம். அது வேறு சமாச்சாரம். கொண்டை ஊசிக்கோ எந்த நியாயமும் கிடையாது. ஜலதோஷக் காதிற்கு வேண்டியது அடிக்கடி விழுங்குவது, கொட்டாவி விடுவது, மூக்கைப் பிடித்துக் கொண்டு வாயை மூடி மிக மெதுவாகக் காற்றை அழுத்துவது, இவ்வளவே. இந்தக் கடைசி முறையை இத்தாலிய வைத்தியர் வால்சால்வா 1704இல் எழுதிய நூலில் விவரித்திருக்கிறார். பலமாக ஊதக் கூடாது, மூக்கையும் முக்கிச் சிந்தக் கூடாது. மூக்கிலுள்ள கிருமி காதிற்கு ஏறி விடும். ஆவி பிடிப்பது மூக்கிற்கு இதமே தவிர, காதைத் திறக்குமென்று உறுதி சொல்வதற்கில்லை. பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரங்களில் தானே திறந்து விடும். வலி, காய்ச்சல், சீழ், தலைசுற்றல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இக்குழாய் குட்டையாகவும் படுக்கை வாட்டமாகவும் இருப்பதால் அடிக்கடி கெடுகிறது. கூப்பிட்டால் திரும்பாத பையனை "திமிர்" என்று அறைவதற்கு முன் அவன் காதைப் பார்க்க வேண்டும்.

காதில் காய்ச்சி ஊற்றுவதென்றதும் நமக்கு வேறொன்றும் ஞாபகத்திற்கு வருகிறது. சூத்திரன் வேண்டுமென்றே வேதத்தைக் கேட்டால் அவன் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் விதிக்கிறது. செவிடராகவும் ஊமையராகவும் குருடராகவும் பிறப்பது முன் செய்த பாவத்தின் மிச்சம் என்று மனுதர்மத்தின் 11ஆம் அத்தியாயம் சொல்லுகிறது. காதைக் கெடுப்பதற்கும் இவர்களே விதி செய்வார்கள், கெட்ட காதைப் பார்த்துப் பாவி என்பவர்களும் இவர்களே! நமக்கு வந்த பெரியவர் ஒரு புத்தகமும் படித்தவரல்லர். ஆனாலும் அந்தச் சரக்கு அவரிடம் அப்படியே இருந்தது.

வேண்டுதலால் என்ன நஷ்டம், மனதிற்கு ஆறுதல்தானே என்று சில தோழர்கள் கேட்கலாம். நஷ்டம் நாட்கள்தான். ஜலதோஷத்தோடு வரும் எல்லா அடைப்பும் குழாய் அடைப்பல்ல. சில பேருக்கு உட்காதும் அதன் நரம்பும் திடீரென்று கெட்டுக் கேள்வி குறைந்து விடுகிறது. அதுவும் "காது அடைத்தாற் போல்" என்றே தோன்றும். அதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. ஆனால் முதல் சில நாட்களில் கொடுத்தால் பலன் அதிகம், இரண்டு வாரம் கடந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. ஆகவே வாயை மூடிக் கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். ஓசை அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அநேகமாகக் குழாயடைப்பு. நல்ல காதில் பலமாகக் கேட்டால் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் ஓட வேண்டும். முனகலில் ஒன்றும் விளங்காமல், கேள்வி மாத்திரம் சட்டென்று குறைந்திருந்தாலும் அப்படியே. ஒரு மண்டலம் விரதம் என்றால் 48 நாள். காவடிக்குப் பங்குனி உத்திரம் வரை காத்திருக்க வேண்டும். நரம்பு அதுவரை காத்திருக்காது.

இன்னொன்று. கூட்டத்திற்கு வந்த சில தொழிலாளித் தோழர்கள் தங்களுக்கும் "பழைய ஜலதோஷக் காது" என்றார்கள். விசாரித்தால் ஜலதோஷம் போய் வருடக்கணக்காகிறது. இயந்திர இரைச்சலில் பல காலம் நின்றவர்கள். இரைச்சல் உட்காதின் நுண்ணிய மயிரணுக்களைக் கொன்று விடுகிறது. செத்தவை திரும்ப முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் செவிக்கேட்டைத் தொழில் நோயென்று சட்டமே ஒப்புக்கொண்டு நஷ்டஈட்டிற்கு வழி வைத்திருக்கிறது. அதை ஜலதோஷமென்றும் தலைவிதியென்றும் சொல்லி விட்டால் ஈட்டை யாரிடம் கேட்பது? காது மூடியை அணியுங்கள், வருடந்தோறும் கேள்விப் பரீட்சையைக் கேட்டு வாங்குங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லி விட்டு வந்தோம்.

நமது காது பதினோராம் நாள் காலையில் ஒரு பெரிய கொட்டாவியின் போது "டப்" என்று திறந்து கொண்டது. முருகனிடம் நமக்காகத் தாமே வேண்டிக் கொண்டதாக நெய்வேலி நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார், செலவில் பாதியை அனுப்பும்படி. கொட்டாவிக்குச் சேர வேண்டிய பாகத்தைக் கழித்துக் கொண்டு கணக்கனுப்பும்படி பதில் எழுதியிருக்கிறோம்.