வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்!

மடிப்புத் திரை வாங்குவோர் கவனத்துக்கு

சேலம், நாமக்கல் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு.

முன்பு திண்ணையும் தாழ்வாரமும் வெயிலைத் தடுத்தன. இன்று கட்டும் வீடுகள் பலவற்றில் திண்ணை இல்லை. பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதற்கு மடிப்புத் திரை போடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால், எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்று தெரிந்து போட வேண்டும். இல்லாவிட்டால் காசு போகும், சூடு போகாது!

எப்படி வேலை செய்கிறது?

ஆர்மோனியத்தின் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். மடிப்புத் திரையும் அப்படித்தான். துணியில் வரிசையாக மடிப்புகள் இருக்கும். மடிப்புகளில் சிறு துளைகள் இருக்கும். மேல் சட்டத்தில் இருந்து வரும் கயிறு, அந்தத் துளைகள் வழியாக இறங்கி அடிச் சட்டத்தில் முடிகிறது. கயிற்றை இழுத்தால் அடிச் சட்டம் மேலே ஏறும். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். மேல் சட்டத்துக்குள் உள்ள பூட்டு கயிற்றைப் பிடித்துக் கொள்ளும்.

வேறொரு வகையில் தொங்கும் கயிறே கிடையாது. அடிச் சட்டத்தைக் கையால் பிடித்து ஏற்றி இறக்க வேண்டும். விட்ட இடத்தில் நிற்கும்.

தேன்கூடு போல அறைகள் உள்ள வகையும் உண்டு. அந்த அறைகளுக்குள் காற்று அடைபட்டு நிற்கும். அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது.

எந்த ஜன்னலுக்கு?

ஏப்ரல் 20 வாக்கிலும், ஆகஸ்டு 22 வாக்கிலும் நடுப்பகலில் சேலத்தின் தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்கிறது. அந்த வெயில் கூரையில்தான் விழும். ஜன்னல் வழியாகப் பாய்வது காலையில் கிழக்கு வெயில். பிற்பகலில் மேற்கு வெயில். மேற்கு வெயில் சாய்ந்து வரும். ஜன்னலுக்கு மேல் உள்ள சன்ஷேடு அதைத் தடுக்காது. ஆகவே, கையில் பணம் குறைவாக இருந்தால் மேற்கு ஜன்னலுக்கு முதலில் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

உள்ளேயா, வெளியேயா?

கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில், உள்ளே உள்ள திரையைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும். திருடன் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்துவது போன்றது இது! வெள்ளை அல்லது வெள்ளிப் பூச்சு கண்ணாடிப் பக்கம் இருந்தால், கொஞ்சம் வெயிலாவது திரும்பிப் போகும்.

நாமக்கல் கோழிப் பண்ணைகளில் கோடையில் என்ன செய்கிறார்கள்? கொட்டகையின் பக்கங்களில் சாக்குப் படுதா கட்டி நனைக்கிறார்கள். கோழிக்குக் கிடைக்கும் அந்தச் சுகம் மனிதனுக்கு வேண்டாமா?

மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ ஜன்னலுக்கு வெளியே கட்டலாம். வெட்டிவேர்த் தட்டியை நனைத்தால், தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக் கொள்ளும். கடற்கரை ஊர்களைவிட இங்கே கோடைக் காற்று உலர்ந்தது. ஆகவே, இந்த முறை இங்கே நன்றாகவே பலிக்கும்.

'தட்டி கட்டினால் வீட்டின் அழகு கெடும்' என்று சிலர் நினைக்கிறார்கள். மழையிலும் காற்றிலும் தட்டி சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதும் உண்மைதான். ஆனால், மாற்றினால் தீர்ந்தது. அழகுக்கு உள்ளே மடிப்புத் திரை இருக்கட்டும். வெயிலுக்கு வெளியே தட்டி இருக்கட்டும்!

குழந்தை உள்ள வீட்டில்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. திரையின் தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றிக் கொண்டால் உயிருக்கே ஆபத்து. பல நாடுகளில் குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல், கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் கயிறு இருக்கக் கூடாது, அல்லது குழந்தைக்கு எட்டக் கூடாது என்ற தர விதி நடைமுறைக்கு வந்தது.

நம் வீட்டுக்கு விதி வரும்வரை காத்திருக்க வேண்டுமா? குழந்தை உள்ள வீட்டுக்குக் கயிறு இல்லாத திரைதான் ஏற்றது. ஏற்கெனவே கயிறு உள்ள திரை இருந்தால், கயிற்றை உயரத்தில் கொக்கியில் சுற்றி வைக்க வேண்டும். தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னல் ஓரத்தில் போடக் கூடாது.

பராமரிப்பு

புழுதி நிறைந்த ஊர்களில் மடிப்புக்குள் தூசி தங்கும். பல்லி எச்சமும் சேரும். வாரம் ஒருமுறை திரையை முழுவதும் இறக்கி, மென்மையான பிரஷ்ஷால் மடிப்பின் போக்கிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் மடிப்பு கலையும்.

கறை பட்டால், சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. வெள்ளிப் பூச்சுத் திரையையும், தேன்கூட்டுத் திரையையும் நீரில் ஊற வைக்கக் கூடாது.

ஈரத் திரையை மடித்தபடி நாள் கணக்கில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். இறக்கி உலர்த்த வேண்டும். மடிப்பு தளர்ந்தால், உலர்ந்த திரையை முழுவதும் ஏற்றி ஓர் இரவு விட்டு வைக்கலாம். கயிறு நைந்தால், அறும்வரை காத்திராமல் உடனே மாற்ற வேண்டும்.

விலை உயர்ந்த திரைதான் நல்ல திரை என்பதில்லை. வெயிலை வெளியே நிறுத்துவதும், பிள்ளைக்குத் தீங்கு செய்யாததும்தான் நல்ல திரை!