பூட்டப்படாத அறை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., இயற்பியல்)

வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர் முதல் நாள் என்ன செய்கிறார்? கட்டிலைத் தம் வசதிக்கேற்ப இழுத்துப் போடுகிறார். நாட்காட்டி மாட்ட ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்கிறார். ஒரு வாரத்தில் அது அவருடைய வீடாகிவிடுகிறது. ஆனால், நாள்தோறும் மணிக்கணக்கில் நாம் குடியிருக்கும் இன்னொரு வீட்டில் இதுவரை ஓர் ஆணிகூட நாம் அடித்ததில்லை. அடிக்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. இணையத்தைப் பார்க்க உதவும் உலாவியைத்தான் சொல்கிறேன்.

1990-ஆம் ஆண்டு, ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முதல் உலாவியை உருவாக்கினார். அதில் பக்கங்களைப் படிக்கலாம், எழுதலாம், திருத்தவும் செய்யலாம். படிப்பவனே எழுதுபவனாகவும் இருக்க முடியும் என்பது அதன் சிறப்பு. பின்னர் மக்களிடையே பரவிய உலாவிகளோ பெரும்பாலும் படிப்பதற்கு மட்டுமே பயன்பட்டன. 1994-இல் வந்த நெட்ஸ்கேப் உலாவியின் மூல நிரலை அந்நிறுவனம் 1998-இல் உலகுக்குத் திறந்து வைத்தது. அதன் வழிவந்ததே 2004-இல் முதற்பதிப்பாக வெளிவந்த ஃபயர்பாக்ஸ். அந்த ஃபயர்பாக்ஸில் ஓர் அறை இருக்கிறது. அதற்குப் பூட்டு இல்லை. ஆனால், அப்படி ஓர் அறை இருப்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

கணிப்பொறியில் முகவரி எழுதும் பட்டையில் 'அபௌட்:கான்ஃபிக்' என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் அந்த அறையின் வாசல் வந்துவிடும். அங்கே ஓர் எச்சரிக்கை நிற்கும். கவனமாகச் செல்லுங்கள், இங்கு செய்யும் மாற்றங்கள் உலாவியின் வேகத்தையும் பாதுகாப்பையும் பாதிக்கலாம் என்பது அதன் கருத்து. பழைய பதிப்புகளில், 'கவனமாக இருப்பேன் என்று உறுதி கூறுகிறேன்' என்ற பொருள்பட வேடிக்கையாக ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். உள்ளே போனால் ஆயிரக்கணக்கான அமைப்புகள். சிலவற்றுக்கு 'ஆம், இல்லை' என்று இரண்டே விடைகள். சிலவற்றுக்கு எண்கள். சிலவற்றுக்குச் சொற்கள். நாம் மாற்றியவை மட்டும் தடித்த எழுத்தில் தெரியும். பக்கத்திலேயே, பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தானும் உண்டு.

சீனியர் அண்ணன் ஒருவர் இதை எனக்குக் காட்டியபோது, எச்சரிக்கையைக் கண்டதுமே நான் பக்கத்தை மூடிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் மீண்டும் துணிந்தேன். துணிய வைத்தது தேவை. என்னிடம் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய மடிக்கணினி. இணையம் என் தந்தையாரின் கைப்பேசியிலிருந்து வர வேண்டும். ஒரு நாளைக்கு அளந்து கொடுக்கும் டேட்டா, படங்கள் நிறைந்த பக்கங்கள் நாலைந்தைத் திறந்ததும் கரைந்துவிடும். ஒளியியல் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நள்ளிரவு வரை காத்திருந்த நாட்கள் பல.

அந்த அறையில் 'பெர்மிஷன்ஸ்.டிஃபால்ட்.இமேஜ்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதன் மதிப்பு 1. அதை 2 ஆக்கினால் எந்தப் பக்கத்திலும் படங்கள் வரமாட்டா. ஆக்கினேன். அன்று மாலை முழுவதும் படித்தும் டேட்டா மிச்சமிருந்தது! இன்னோர் அமைப்பில் 15000 என்றோர் எண் இருந்தது. மில்லி நொடிக் கணக்கில் அது பதினைந்து நொடி. திறந்திருக்கும் பக்கங்களை உலாவி அந்த இடைவெளியில் வன்தட்டில் குறித்து வைத்துக்கொள்கிறதாம். கிழட்டுக் கணினிக்கு ஏன் இவ்வளவு வேலை என்று அதை 60000 ஆக்கினேன். உலாவி திடீரென்று மூடிக்கொண்டால் கடைசி ஒரு நிமிடத்தில் திறந்த பக்கங்கள் திரும்பாமல் போகலாம். அந்த நட்டத்தை அறிந்தே ஏற்றேன். அறிந்து ஏற்பதற்கும் அறியாமல் சுமப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

என் வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். எல்லா விவரங்களையும் நிரப்பிவிட்டேன். இறுதியில், படத்தில் காணும் எழுத்துகளைத் தட்டச் சொன்னது பக்கம். அங்கே படமே இல்லை. பக்கத்தை மூடித் திறந்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். விண்ணப்பத்தை வைத்தவர்களை மனத்துக்குள் திட்டினேன். இரண்டு மணி நேரம் போயிற்று. என் அம்மா, "நாளைக்குப் போய் நேரிலே கேட்டுப் பாருடா" என்றார். நாளைக்கு எந்தக் கதவும் திறந்திருக்காது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? இரவு பதினொரு மணிக்குத்தான் அந்த 2 நினைவுக்கு வந்தது. படத்தை மறைத்தவன் நானே! 1 ஆக்கினேன். படம் வந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து ஒரு பழைய நோட்டு வைத்திருக்கிறேன். எந்த நாள், எந்த அமைப்பு, முன்பு என்ன மதிப்பு, இப்போது என்ன மதிப்பு, ஏன் மாற்றினேன் என்று ஐந்து கட்டம். ஆய்வகத்தில் நாம் எழுதும் பதிவேடு போலத்தான். வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் சுழிப்பிழையைக் குறித்துக்கொள்ளப் பழகியவர்கள் நாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து, விளைவைப் பார்க்கப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் ஆய்வகத்தின் வாசலோடு நின்றுவிடலாமா?

"வல்லுநர்கள் யோசித்து வைத்ததை நாம் ஏன் தொட வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாதுகாப்பு தொடர்பான அமைப்புகளைத் தெரியாமல் தொடக்கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். வேகத்தைக் கூட்ட நூறு மாற்றங்கள் என்று சுற்றிவரும் பட்டியல்களையும் நம்பாதீர்கள். 'பைப்லைனிங்' என்ற வசதியை ஃபயர்பாக்ஸிலிருந்து நீக்கிப் பல ஆண்டுகள் ஆகியும், அதை இயக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் உலவுகிறது. இல்லாத பெயரைத் தட்டினாலும் அந்த அறை அதைச் சேர்த்துக்கொள்ளும். அது சும்மா கிடக்கும். நாமோ வேகம் கூடியதாக எண்ணி மகிழ்வோம்!

ஆனால், வைக்கப்பட்டவை யாவும் நம் நன்மைக்காகவே வைக்கப்பட்டவை என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவில் கூகுள் மீது நடந்த வழக்கில் 2023-இல் ஓர் உண்மை வெளிவந்தது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் முதல் தேடுபொறியாகத் தான் இருப்பதற்காக அந்நிறுவனம் 2021 என்ற ஒரே ஆண்டில் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2630 கோடி டாலர். தேடுபொறியை மாற்றச் சில சொடுக்குகள் போதும். ஆயினும் இவ்வளவு பணம் ஏன்? நாம் மாற்றமாட்டோம் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது. தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் பாராட்டும் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருவாயிலும் பெரும்பகுதி இதே வகையில் கூகுள் கொடுத்ததே. இதை மறைப்பது நேர்மையன்று.

நண்பர்களே, இது உலாவியோடு முடியும் செய்தி அன்று. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் எந்த அலுவலகத்திலும், "இதை மாற்ற முடியுமா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். சொன்ன நாளில் திரும்ப வருவார். அது அவர் குற்றமன்று. மாற்றலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்த எச்சரிக்கையைக் கண்டு நான் பக்கத்தை மூடினேனே, அப்போது அந்தப் பொத்தானை அழுத்த மறுத்தது என் விரல் மட்டுமன்று. எங்கள் வீட்டின் பழக்கமும்தான். படிப்பு நமக்குத் தர வேண்டியது வேலை மட்டுமா? வைத்ததை வைத்தபடி ஏற்கும் பழக்கத்திலிருந்து விடுதலையும் அல்லவா?

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலருக்குக் கணினி என்றால் கல்லூரி ஆய்வகத்தில் காண்பதே. நிறுவனக் கணினிகளில் இந்த அறையைப் பூட்டி வைக்கவும் வழி உண்டு. பலரும் பயன்படுத்தும் இடத்தில் அது தேவையும்கூட. ஆயினும், இரண்டு கணினிகளையேனும் இதற்கென ஒதுக்குங்கள். பருவத்துக்கு ஒரு மணி நேரம் போதும். எங்களை உள்ளே விடுங்கள், மாற்றச் செய்யுங்கள், கெடுக்கவும் விடுங்கள், பிறகு சரிசெய்யச் சொல்லுங்கள். திருப்பும் பொத்தான் இருக்கும்வரை பெரிய ஆபத்து நேர்ந்துவிடாது.

மாணவ நண்பர்களுக்குச் சொல்வது ஒன்றே. எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று நான் கூறவில்லை. பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டாலும் சரிதான். ஆனால், பார்த்துவிட்டு விடுங்கள். பூட்டப்படாத அறைக்கு வெளியே ஆயுள் முழுவதும் நிற்க வேண்டாம்.