நாலந்தா எங்கே போயிற்று?

யூபிலி விழாவிற்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தனியே மோட்டார் ஓட்டிவரக் கருதியிருக்கும் பழைய மாணவர் பலர் உளர் என அறிகின்றோம். அவர்களை எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மரணவீட்டிற்குச் சென்று, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்பட்டுத் தனியே கண்டிக்குத் திரும்பினோம். ஏறக்குறைய 320 கிலோமீற்றர் வழி. தம்புள்ளையில் சற்று இளைப்பாற எண்ணியிருந்தும், வீடு அணித்தாயிற்றே என்று நில்லாது வந்தோம். நாவுலையைக் கடந்தது நினைவுண்டு. அதன்பின் நினைவில் நிற்பது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிற் கோபுரம். இடையிலே கிடந்த நாலந்தா எங்கே போயிற்று?

நாலந்தா எமக்குப் புதிய இடமன்று. திராவிடக் கட்டட அமைதியும் பௌத்த வழிபாடும் ஒன்றிய கெடிகே அங்குள்ளது. போவத்தென்னை நீர்த்தேக்கத்தின் பொருட்டு அதனைக் கல்கல்லாகப் பெயர்த்து மேட்டிலே மீள எடுப்பித்தனர். மாணாக்கரைச் சுற்றுலா அழைத்துச் செல்லுந்தோறும், உறங்குவோரையும் எழுப்பி அத்திருப்பத்தைக் காட்டுவது எம் வழக்கம். (அவர்கள் பார்ப்பது சோற்றுப்பொதியை என்பது வேறு கதை.) அன்று அவ்வழியே எம் கைகள் வண்டியைச் செலுத்தின, கண்கள் பார்த்தன, யாம் அங்கே இருந்திலோம்.

கோபுரத்தைக் கண்டு இவ்வாறு திகைத்த கணத்திலேதான் மஞ்சட்கடவையில் வெள்ளுடைச் சிறுவர் மூவர் தோன்றினர். தடுப்பை அழுந்த மிதித்தோம். வண்டி கோட்டின் மேலேயே நின்றது. அறநெறிப் பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள். ஒருவன் எம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் செல்லும். அப்பிள்ளைகள் மாத்தளையிலன்றி நாலந்தாவிலே குறுக்கிட்டிருந்தால்?

வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளநூலிற் பழக்கத்திற்கென ஓர் இயல் வகுத்து, சிறு செயல்களைப் பழக்கத்தின் வசம் விட்டால் உள்ளம் உயர்ந்தவற்றை நாடும் என்றார். பயிற்சிக் கலாசாலையில் இதனைப் படித்தோம். மாணாக்கரை மனனஞ் செய்வித்து மகிழ்ந்தோம். உதடு ஒப்புவிக்க உள்ளம் விளையாட்டிடத்தே திரியும் பிள்ளையை அன்று முதல் எம்மாற் கடிந்துகொள்ள இயலவில்லை.

வள்ளுவர் மறதியின் தீமைக்கென 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமையை வகுத்தார். மிகுந்த உவகையால் வருஞ் சோர்வை அளவிறந்த சினத்தினும் கொடியதாக வைத்தார். மரணவீட்டிலிருந்து வந்த எமக்கு உவகை ஏது என்று முதலில் எண்ணினோம். பின்னர் இச்சாலையையே நினைத்துப் பார்த்தோம். 2002இல் திறக்கப்பட்டு 2006இல் மீண்டும் மூடப்பட்ட அந்த இடைக்காலத்தில், ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளோடு இறங்கி நின்றவர் எவரும் ஒரு கட்டையையேனும் மறந்திலர். அச்சமே அவர்களை விழிக்கச் செய்தது. போர் 2009இல் ஓய்ந்தது, வழி திறந்தது, சாலையும் செப்பமாயிற்று. இன்று வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகின்றது. அந்தச் சுகந்தான் எம்மை மயக்கியது. அச்சம் மீள வேண்டுமென்று எவரும் விரும்பார். ஆயினும் செவ்விய சாலையிலே காவல் நமது உள்ளத்தின் பொறுப்பாகின்றது. அதனைச் சாலை செய்யாது.

ஓரிடத்தும் நில்லாமல் இத்தனை மணியில் வந்தேன் என்று வீரம் பேசும் அன்பர்களைப் பழைய மாணவர் கூட்டங்களில் ஆண்டுதோறும் காண்கின்றோம். அதனைக் கேட்டுக் கைதட்டுவது தகாது என்பதே எம் கருத்து. இருவர் மூவராய் ஒரு வண்டியில் வருக. தனியே வருவோர் தம்புள்ளையில் இறங்கித் தேநீர் அருந்துக. விழாச் சபையார் முதல்நாள் இரவு தங்குதற்கு வகுப்பறைகள் சிலவற்றை ஒழித்துத் தருவாராயின், பாய் தலையணை திரட்டும் பணியை யாம் ஏற்போம்.

அன்று கோயில் வீதியோரமாக வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் அமர்ந்திருந்தோம். அங்கிருந்து அலவத்துகொடை, அக்குறணை வழியாகக் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரையுள்ள திருப்பங்கள் யாவும் இன்றும் ஒவ்வொன்றாய் நினைவிலிருக்கின்றன.