கண்காணிப்பே பாரமான கதை: யு.பி.ஐ. முடங்கியது ஏன்?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. சித்திரை பிறக்க இரண்டே நாட்கள். மும்பையில் சம்பாதிக்கும் தமிழர்கள் ஊரில் உள்ள வீட்டிற்குப் பண்டிகைச் செலவுக்குப் பணம் அனுப்பும் சமயம். அன்று பார்த்து, யு.பி.ஐ. வழிப் பணப் பட்டுவாடா நாடெங்கும் பல மணி நேரம் தடுமாறியது. அதே ஆண்டு மார்ச் 26, ஏப்ரல் 2 ஆகிய தேதிகளிலும் இது நிகழ்ந்திருந்தது. மூன்று வாரத்திற்குள் மூன்று முறை!

அந்த மார்ச் மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. மூலம் நடந்த பட்டுவாடாக்கள் ஏறத்தாழ 1,830 கோடி. எனவே கூட்டம் தாங்காமல் சர்வர் விழுந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஆனால் ஏப்ரல் 12-ந் தேதி சம்பவத்துக்கு, யு.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பட்டுவாடாக் கழகம் கண்டறிந்த காரணம் வேறு. ‘இந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா?’ என்று சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் மத்திய சர்வரை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. பழைய பட்டுவாடாக்களைப் பற்றியும் கேட்டன. பதில் சொல்லியே சர்வர் களைத்தது. பணத்தைக் கொண்டு சேர்க்கும் வேலை பின்தங்கியது. கேள்விகளுக்கு அணை போடும் ஏற்பாடு மையத்திலும் இல்லை.

நிலைமையைக் கேட்டறிவதும் ஒருவகைக் கண்காணிப்புத்தான். ரயில்வேயில் கீமேன் தினமும் தன் எல்லைக்குள் தண்டவாளத்தை நடந்து பார்க்கிறார். அதற்குப் பதில் நிமிஷத்துக்கு ஒரு டிராலியை ஓட்டிப் பார்த்தால் ரயில் போக வழி ஏது?

ஆகவே, சர்வரையோ வலைத்தளத்தையோ கண்காணிக்க ஏற்பாடு செய்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது இடைவெளி. ஒரு தடவை பதில் வராவிட்டால் உடனே ஆயிரம் தடவை கேட்பதல்ல. சற்றுப் பொறுத்து, மறுபடியும் வராவிட்டால் இன்னும் அதிகம் பொறுத்துக் கேட்பதே முறை. அடுத்தது, எதைக் கேட்பது என்பது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ‘இருக்கிறேன்’ என்றே பதில் வரும். முகப்புப் பக்கம் திறக்கும், பணம்தான் போகாது. ஆகையால் வாடிக்கையாளர் செய்வதையே செய்து பார்க்க வேண்டும், அதுவும் வெளியூர்களிலிருந்து. கோளாறு தெரிந்ததும் மணி யாருக்கு அடிக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நள்ளிரவில் யாரும் எடுக்காத டெலிபோனுக்கு எச்சரிக்கை அனுப்பிப் பயனில்லை.

“99.9 சதவீத நேரம் இயங்குகிறது” என்று நிறுவனங்கள் பெருமை பேசுவதுண்டு. முப்பது நாள் மாதத்தில் மீதி 0.1 சதவீதம் என்பது 43 நிமிடம். அந்த 43 நிமிடம் ஞாயிறு அதிகாலையில் வந்தால் ஒன்றுமில்லை. சம்பள நாள் மாலையில் வந்தால் கதை வேறு.

இந்த அனுபவத்துக்குப் பின் விதிகள் இறுகின. ஒரு பட்டுவாடாவின் நிலையை இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் கேட்கக்கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல், கணக்கில் உள்ள இருப்பைப் பார்ப்பதற்கும் ஒரு செயலிக்கு நாளொன்றுக்கு 50 தடவை என்று வரம்பு வந்தது. வங்கிகள் செய்த தவறுக்கு வாடிக்கையாளருக்கும் ஏன் வரம்பு என்று சிலர் கேட்கலாம். ஒருவர் நாளில் ஐம்பது தடவை இருப்புப் பார்ப்பது அபூர்வம். இதில் பெரிய நஷ்டமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏப்ரல் 12-ல் கழகம் சமூக வலைத்தளத்தில் ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டது. கடை வாசலில் கைபேசியும் கையுமாக நிற்பவர் அதை எங்கே போய்த் தேடுவார்? கண்காணிப்பில் தெரிந்ததைப் பணம் அனுப்பும் திரையிலேயே, அவரவர் மொழியில், ‘இப்போது அனுப்ப வேண்டாம்’ என்று காட்டுவது பெரிய வித்தையல்ல. அது தெரியாததால்தான் பதற்றத்தில் இரண்டாம் முறை அனுப்பிவிட்டுத் தவிக்க நேர்கிறது. மணியார்டருக்கு ரசீதாவது கையில் இருந்தது.

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, ஒருவர் கணக்கில் பிடிக்கப்பட்ட பணம் மற்றவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. கடைகளில் செலுத்திய பணம் என்றால் அவகாசம் ஐந்து நாள். புகார் செய்ய, அந்தப் பட்டுவாடாவின் 12 இலக்க எண்ணைக் குறித்து வைத்திருப்பது அவசியம்.